தேயிலைய அடமானம் வச்சு குளோபல் ஹெல்த் படிக்கலாமா?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. பிஎஸ்சி நர்சிங் முடிச்சு மூணு வருஷமா ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில வார்டு டியூட்டி பாக்குறாளாம், இப்ப இங்கிலாந்துல குளோபல் பப்ளிக் ஹெல்த்னு ஒரு வருஷ மாஸ்டர்ஸ் படிக்க ஆசை, ஏஜென்ட் ஒருத்தர் எல்லாம் சேத்து முப்பது லட்சம் ஆகும் லோன் போட்டுக்கலாம்னு சொல்லிட்டார், அப்பா ரெண்டு ஏக்கர் தேயிலை பத்திரத்த பீரோவுல இருந்து எடுத்து மேசை மேல வச்சிட்டாராம். "அக்கா, இந்தப் படிப்புல உண்மையிலயே என்ன சொல்லித் தராங்க, படிச்சா வேலை கெடைக்குமா, போலாமா வேணாமா"ன்னு கேள்வி.

நான் பந்தலூர் பக்கம்மா. தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல திரும்பி வந்தவங்க, நான் பொறந்தது டான்டீ, அதான் அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தோட, லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீடு). நானும் நர்சிங்தான். கூடலூர் ஏரியாவுல அஞ்சு வருஷம் ஊர் ஊரா சுத்தி வேலை பாத்துட்டு, ஸ்காலர்ஷிப் கெடைச்சு அங்க போயி இதே படிப்பு படிச்சு, திரும்பி வந்து எட்டு வருஷம் ஆச்சு. அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

மொதல்ல பத்திரத்த பீரோவுல திருப்பி வைக்கச் சொல்லு. படிப்பு நல்ல படிப்பு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா பச்சத் தேயிலைக்கு பேக்டரிக்காரன் குடுக்குற வெலைய வச்சு முப்பது லட்சத்துக்கு வட்டி கட்ட முடியாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா.

சரி, என்ன சொல்லித் தராங்கன்னு பாப்போம். இந்த 'குளோபல்'ங்கற வார்த்தைய கேட்டதும் ஜெனீவா, ஆப்பிரிக்கா, ஐநா சபை ஜீப் அப்டின்னு ஒரு படம் மனசுல ஓடும், எனக்கும் ஓடுச்சு. மொத வாரம் கிளாஸ்ல இந்தத் துறை எங்கிருந்து வந்துச்சுன்னு சரித்திரம் எடுத்தாங்க, ஸ்க்ரீன்ல ரொனால்ட் ராஸ் போட்டோ. நமக்கு அவரு செகந்திராபாத்ல கொசு வயித்துக்குள்ள மலேரியா கிருமிய கண்டுபுடிச்சவரு, 1897 ஆகஸ்ட் 20, 1902ல நோபல் பரிசு, அவ்ளோதான் தெரியும். ஆனா அதே 1897ல, அதுக்கு சில மாசம் முன்னாடி அவரு ஊட்டிக்கு வந்திருக்கார், சீகூர் பக்கம் காய்ச்சல் ஜாஸ்தின்னு தெரிஞ்சு கீழ எறங்கிப் போயிருக்கார், போன எடத்துல அவருக்கே மலேரியா வந்துருக்கு. கல்லட்டி வழியா மசினகுடி எறங்குவோமே, அந்தச் சரிவுதான். மேல ஊட்டில குளிருக்கு கொசுவால ஒன்னும் பண்ண முடியாது, கொஞ்ச தூரம் கீழ எறங்குனா காய்ச்சல் காடு. ஒரே மலைல உயரம் மாறினா நோயும் மாறுதுங்கறத நம்ம ஊர்க்காரனுக்கு யாரும் புத்தகம் வச்சு சொல்லித் தர வேண்டியதில்ல.

ராஸ் அப்பறம் 1899ல லிவர்பூல்ல ட்ராபிகல் மெடிசின் ஸ்கூல்ல வாத்தியாரா சேந்துட்டார். அந்த ஸ்கூல் ஆரம்பிச்சது 1898, லண்டன் ஸ்கூல் 1899. இன்னிக்கு குளோபல் ஹெல்த்துக்கு பேர் போன ரெண்டு எடமும் அதுதான். எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னா, காலனி நாடுகளுக்குப் போன சிப்பாயும் வியாபாரியும் தொரைமாரும் காய்ச்சல்ல செத்துட்டு இருந்தாங்க, அவங்கள காப்பாத்த. அப்ப பேரு ட்ராபிகல் மெடிசின், 1948ல டபிள்யூஹெச்ஓ வந்த காலத்துல இன்டர்நேஷனல் ஹெல்த்னு மாறுச்சு, இப்ப குளோபல் ஹெல்த். பேர் ரெண்டு தடவ மாறினாலும் காசும் முடிவும் யாரு கைல இருக்குங்கறது ரொம்ப மாறலன்னு இப்ப அங்கயே கிளாஸ்ல சண்ட போடுறாங்க, அது நல்ல சண்ட, நீ போனா வாயத் தெறந்து பேசு.

எனக்கு அன்னிக்கு வேற ஒன்னு ஓடிட்டே இருந்துச்சு. ராஸுக்கு வந்த காய்ச்சல் உலக சரித்திரத்துல இருக்கு. அந்தப் பள்ளத்துல தலைமுற தலைமுறையா இருந்த இருளருக்கும் குறும்பருக்கும் வந்த காய்ச்சல யாரு எழுதி வச்சா? ஒரு வகைல அது ரத்தத்துலயே இருக்கு. சிக்கிள் செல் கேள்விப்பட்டிருப்ப, ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய். அம்மா அப்பா ரெண்டு பேருல ஒருத்தர்ட்ட இருந்து மட்டும் அந்த ஜீன் வந்தா, மலேரியா முத்தி சாகறதுல இருந்து ஓரளவு பாதுகாப்பு, ரெண்டு பேர்ட்ட இருந்தும் வந்தா நோய். இந்தியாவுல மொதல்மொதலா அத கண்டு எழுதுனது 1952ல, நம்ம நீலகிரி ஆதிவாசி மக்கள்ட்ட. அத ஒழிக்கணும்னு தேசிய அளவுல திட்டம் ஆரம்பிச்சது 2023 ஜூலை 1. எழுபத்தோரு வருஷம்! இந்த நடுவுல என்ன ஆச்சு, ஏன் இவ்ளோ லேட்டு, யாரோட நோய் சீக்கிரம் கவனிக்கப்படுது யாரோடது படாது, இதெல்லாம் கேக்கறதுதான் இந்தப் படிப்பு. ஊசி போடவோ மருந்து எழுதவோ சொல்லித் தர மாட்டாங்க.

பாடம்னு பாத்தா எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு பாக்கறது), ஸ்டாடிஸ்டிக்ஸ் ரெண்டும் முதுகெலும்பு. அப்பறம் ஹெல்த் சிஸ்டம், ஹெல்த் எகனாமிக்ஸ், பாலிசி, ஜனங்கள்ட்ட பேசி எழுதற குவாலிடேட்டிவ் முறை, கடைசில டிசர்டேஷன், அதான் ஆய்வுக் கட்டுரை. ஸ்டாடிஸ்டிக்ஸ்னா பயப்படாத, பிளஸ் டூல கணக்கு எடுக்காத நானே தாண்டிட்டேன், கணக்கு கம்ப்யூட்டர் போட்டுக்கும், என்ன கேக்கணும்னு உனக்குத் தெரியணும், அதான் கஷ்டம்.

எபிடெமியாலஜில 'கன்ஃபவுண்டிங்'னு ஒன்னு வரும், பாதிப் பேர் அதுலதான் முட்டிட்டு நிப்பாங்க. எனக்கு அது புரிஞ்சதே குன்னூர் எலிய வச்சுதான். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் தெரியும்ல, 1907ல வந்தது, சிம்ஸ் பார்க் பக்கத்துல. அங்க ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் சத்துணவு ஆராய்ச்சி பண்ணார். இந்தியாவுல ஒவ்வொரு பக்கத்து ஆளுங்க சாப்பாட்டையும் எலிக் கூட்டத்துக்குக் குடுத்துப் பாத்தார், சீக்கியர் சாப்பாடு, பட்டாணியர் சாப்பாடு, மராத்தி, வங்காளி, மெட்ராஸ்காரன் சாப்பாடுன்னு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்னு தின்ன சீக்கிய எலி கொழுகொழுன்னு இருந்துச்சு, தீட்டுன அரிசிய நம்பி இருந்த மெட்ராஸ் எலிதான் கடைசி. (இத வச்சு எங்க கிளாஸ்ல இருந்த பஞ்சாபிப் பையன் ஒரு வருஷம் என்னைய ஓட்டுனான்.) இப்ப இதுல பாயிண்ட் என்னன்னா, எலிக்கு கூண்டு ஒன்னு, வெயில் குளிர் ஒன்னு, வேலை ஒன்னு, சாப்பாடு மட்டும்தான் வேற. அதனால வித்தியாசம் வந்தா சாப்பாட்டாலதான்னு தைரியமா சொல்லலாம். மனுசன்ல அப்டி இல்ல. பஞ்சாபிக்கும் நமக்கும் நிலம் வேற, கூலி வேற, தண்ணி வேற, சின்ன வயசுல வந்த வியாதி வேற. சாப்பாட்ட மட்டும் கை காட்டுனா மத்ததெல்லாம் பின்னாடி நின்னு சிரிக்கும். அந்தப் பின்னாடி நிக்கறதுதான் கன்ஃபவுண்டர். அத எப்டி கண்டுபுடிச்சு கணக்குல இருந்து பிரிக்கறதுன்னு ஒரு வருஷம் உன்ன அரைப்பாங்க.

அந்த லேப் 1958ல ஹைதராபாத்துக்குப் போயிடுச்சு, இப்ப அதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மெக்காரிசனுக்கு அப்பறம் குன்னூர்ல இருந்த அய்க்ராய்ட் 1946ல ஐநா-வோட உணவு விவசாய நிறுவனத்துல சத்துணவுப் பிரிவுக்கு மொத டைரக்டரா போனார். நீ 'குளோபல்' தேடி ஏறப் போற வண்டி உன் ஊர்லருந்தே கெளம்பிப் போயிருக்கு.

இப்ப எனக்கு இந்தப் படிப்பு என்ன குடுத்துச்சுன்னு ஒரு விஷயம் சொல்றேன். போறதுக்கு முன்னாடி நான் வேலை பாத்த ஏரியாவுல காட்டு ஓரமா ஒரு பாடி, அதாவது ஆதிவாசி குடியிருப்பு. நாலு வருஷ டிபி ரெஜிஸ்டர்ல அந்தப் பாடில இருந்து ஒரு கேஸ் கூட கெடையாது. ஒரு ரிவ்யூ மீட்டிங்ல ஒருத்தர் "அங்க ஜனங்க நல்ல காத்து நல்ல தண்ணி, ஆரோக்கியமா இருக்காங்க"ன்னு சொன்னார், நாங்க எல்லாரும் தலையாட்டுனோம், நானும்தான். அங்க போயி எபிடெமியாலஜி ரெண்டாவது கிளாஸ்ல டீச்சர் ஒரு கோடு போட்டு மேல ஒரு நம்பர், கீழ ஒரு நம்பர் எழுதுனாங்க. மேல இருக்கறது நோயாளி எண்ணிக்கை. கீழ இருக்கறது யாருல இருந்து எண்ணுனீங்களோ அவங்க. "கீழ இருக்கறவங்கள்ல எத்தன பேரு உங்க கதவு வரைக்கும் வர முடிஞ்சவங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு அந்தப் பாடி ஞாபகம் வந்து வயிறு என்னமோ பண்ணுச்சு.

ஏன்னா அந்த ஊருக்கு பஸ் காலைல ஏழுக்கு ஒன்னு, சாயங்காலம் நாலரைக்கு ஒன்னு. சளி டெஸ்ட்டுக்கு அன்னிக்கு ஒன்னு, மறுநாள் காலைல ஒன்னுன்னு ரெண்டு சாம்பிள் குடுக்கணும். அதுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. நாலரை பஸ்ஸ விட்டா ஆறு மணிக்கு மேல ரோட்டுல ஆனை. எவன் வருவான் இருமலுக்கு? திரும்பி வந்த வருஷம் நாங்களே சளி வாங்கற டப்பாவ எடுத்துட்டு மேல போனோம், வீட்டுக்கு வீடு உக்காந்து பேசி காலைச் சளியும் அங்கயே வாங்குனோம், மொத மாசத்துல மூணு பேரு. மூணும் ரொம்ப நாளா இருமிட்டு இருந்தவங்க. அதுல ஒரு அம்மா "நீங்க கேக்கவே இல்லியே"ன்னாங்க. நல்ல காத்து நல்ல தண்ணின்னு தலையாட்டுனது இப்பவும் எனக்கு உறுத்தும்.

இத எங்க வேணா படிக்கலாம், இங்கிலாந்துலதான் படிக்கணும்னு இல்ல. ஆனா வெளில போறதுல ஒரு லாபம் இருக்கு, மறைக்க மாட்டேன். எங்க பேட்ச்ல மலாவி, நேபாளம், பெரு, நைஜீரியான்னு ஆளுங்க, டீ பிரேக்ல கேக்கற கதை பாதிப் படிப்பு. மலாவிலயும் டீ எஸ்டேட் இருக்கு, அங்கயும் லயம் மாதிரி வீடு, அங்கயும் பொம்பளைங்க கொழுந்து பறிச்சு முதுகு வலி. இன்னொரு கூத்து, ஹெல்த் இன்சூரன்ஸ் பாடத்துக்கு ரீடிங் லிஸ்ட் குடுத்தாங்க, அதுல கூடலூர்! 1990ல ஆரம்பிச்ச அஸ்வினி ஆதிவாசி ஆஸ்பத்திரி 1992லயே பணியர், குறும்பர் மக்களுக்கு இன்சூரன்ஸ் போட்ட கதை. பக்கத்து ஊர்ல இருந்துட்டு அத நான் ஒழுங்கா படிச்சது அங்க குளிர்ல உக்காந்து. (குளிர் நமக்கு ஒன்னும் பண்ணாது, ஊட்டி டிசம்பர பாத்தவளுக்கு அது ஜுஜுபி. நாலு மணிக்கே இருட்டறதுதான் மனச என்னமோ பண்ணும்.)

அங்க படிப்பு நம்ம மாதிரி இல்ல. கிளாஸ் நேரம் கம்மி, படிக்க வேண்டியது மலை மாதிரி, கட்டுரை எழுதணும், உன் வாதம் என்னன்னு கேப்பாங்க. நர்சிங்ல ரெக்கார்டு நோட்ட சீனியர்ட்ட வாங்கி அப்டியே எழுதுன பழக்கம் அங்க போனா கழுத்துக்குக் கத்தி, காப்பின்னு மாட்டுனா அவ்ளோதான். மார்க் 50 பாஸ், 70 டிஸ்டிங்ஷன். எனக்கு மொத கட்டுரைல 62 வந்து அழுதேன், பக்கத்துல இருந்தவ 58க்கு பார்ட்டி குடுத்தா. செப்டம்பர்ல சேந்தா அடுத்த செப்டம்பர்ல முடிஞ்சிரும், மூச்சு விட நேரமில்ல. டிசர்டேஷனுக்கு ஊருக்கு வந்து களத்துல பண்ணலாம்னு கனவு காணாத, எதிக்ஸ் அனுமதி வாங்கறதுக்குள்ள பாதி நாள் போயிரும், நெறைய பேர் ஏற்கனவே இருக்கற டேட்டாவ வச்சோ, வந்த ஆராய்ச்சிகள தொகுத்தோதான் முடிக்கறாங்க.

இப்ப ஏஜென்ட் விஷயம். அவருக்கு யூனிவர்சிட்டி கமிஷன் குடுக்குது, அதனால அவரு காட்டுற காலேஜ் லிஸ்ட் அவருக்கு லாபமான லிஸ்ட். முக்கியமா ஒன்னு, உன் கேள்வில ஒரு வரி இருந்துச்சு, "படிச்சிட்டு அங்கயே நர்ஸா சேந்துரலாம்னு சொன்னார்"னு. அது வேற ரூட்டும்மா. அங்க நர்ஸா வேலை பாக்க என்எம்சி, அதான் அந்த ஊர் நர்சிங் கவுன்சில், ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், அதுக்கு தனி இங்கிலீஷ் டெஸ்ட், தனி பரிட்சை. குளோபல் ஹெல்த் மாஸ்டர்ஸ் வாங்குனா அது கெடைக்காது. நர்ஸா போறதுதான் ஆசைன்னா நேரா அந்த ரூட்லயே போ, இதுக்கு முப்பது லட்சம் தேவையே இல்ல. படிச்சு முடிச்சா வேலை தேட குடுக்கற கிராஜுவேட் விசா இப்ப ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு ஒன்றரை வருஷம்தான். ஹெல்த் சர்சார்ஜ்னு வருஷத்துக்கு 776 பவுண்டு முன்னாடியே கட்டணும், ஏஜென்ட் கணக்குல அது இருக்கான்னு பாரு.

வேலை கெடைக்குமா? பூசி மெழுகாம சொல்றேன். இந்தத் துறைக்கு இப்ப கெட்ட நேரம். 2025 ஜனவரில அமெரிக்கா டபிள்யூஹெச்ஓ-வ விட்டு வெலகறதா உத்தரவு போட்டுச்சு, அதே வருஷம் வெளிநாடுகளுக்கு உதவிக் காசு குடுத்த அவங்க அமைப்பு யுஎஸ்எய்ட இழுத்து மூடிட்டாங்க. அந்தக் காசுல ஓடுன ப்ராஜெக்ட் எல்லாம் உலகம் பூரா நின்னுச்சு, பத்து பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ளவங்க வேலை தேடிட்டு இருக்காங்க, அவங்களோட போட்டி போடப் போறது நேத்து டிகிரி வாங்குன நீ. இங்க தமிழ்நாட்டுல பொது சுகாதாரத்துக்கு தனித் துறையே இருக்கு, 1939லயே தனிச் சட்டம் வந்த மாநிலம், ஆனா ஹெல்த் ஆபீசர் ஆகணும்னா மருத்துவப் படிப்பு வேணும், நர்ஸ் எம்பிஹெச் (பொது சுகாதார மாஸ்டர்ஸ்) வாங்கிட்டு அந்த நாற்காலில உக்கார முடியாது. நமக்கு கெடைக்கறது என்ஜிஓ, ஐசிஎம்ஆர் மாதிரி எடத்துல ஆராய்ச்சி ப்ராஜெக்ட், டிபி மாதிரி திட்டங்கள்ல கான்ட்ராக்ட் போஸ்ட். எனக்கு திரும்பி வந்ததும் மொத சம்பளம் முப்பத்தெட்டாயிரம். லோன் இல்லாததால சிரிச்சுட்டே வாங்குனேன். முப்பது லட்சம் லோன் இருந்திருந்தா அந்தப் பாடிக்கு டப்பா தூக்கிட்டுப் போயிருப்பேனான்னு யோசிச்சுப் பாரு, துபாய்க்கு பிளைட் ஏறியிருப்பேன்.

அப்ப என்னதான் பண்றது? இந்தியாவுலயே முதல்ல பாரு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைல அச்சுத மேனன் சென்டர், 1997ல நாட்டுல மொதல்மொதலா எம்பிஹெச் ஆரம்பிச்ச எடம், என் மனசுல அதுக்குத்தான் மொத ஓட்டு. வேலூர் சிஎம்சி, பாண்டிச்சேரி ஜிப்மர், மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்)னு இன்னும் இருக்கு. நர்சிங் டிகிரிய எடுத்துக்கறாங்களா, எத்தன வருஷ அனுபவம் கேக்கறாங்கன்னு அந்தந்த வருஷ அறிவிப்ப நீயே படி, யார் சொல்றதையும் நம்பாத, என்னையும் சேத்து. செலவு ஏஜென்ட் சொன்னதுல ஒரு துண்டுதான் ஆகும், களம் நம்ம களம், டீச்சருக்கு நம்ம பிஹெச்சி எப்டி இருக்கும்னு தெரியும்.

வெளில போயே தீரணும்னா ஸ்காலர்ஷிப்ல போ. இங்கிலாந்து அரசோட செவனிங் இருக்கு, ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேக்கும், முடிச்சிட்டு திரும்பி வந்து ரெண்டு வருஷம் நம்ம நாட்டுல இருக்கணும்னு கண்டிஷன். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் இருக்கு. ஜெர்மனிக்கு டாட் (DAAD) ஸ்காலர்ஷிப், அதுல வளர்ச்சி சம்பந்தப்பட்ட படிப்புகளுக்குன்னு தனி லிஸ்ட், அதுக்கும் ரெண்டு வருஷ அனுபவம். உனக்கு மூணு வருஷம் இருக்கு, தகுதி இருக்கு. அப்பறம் இத படிக்கற மத்த பிள்ளைங்களுக்கும் சேத்து சொல்றேன். பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசு தர வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்ல வருஷத்துக்கு 20 பேரு, அதுல 3 எடம் பிவிடிஜி-க்கு, அதாவது ரொம்ப நலிஞ்ச பழங்குடிகளுக்கு மட்டுமே. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரும் அந்தப் பட்டியல்ல வராங்க. நம்ம மாவட்டத்துல எத்தன பிள்ளைங்களுக்கு இது தெரியும்? உன் கூட படிச்சவங்க யாராவது இருந்தா இன்னிக்கே சொல்லு. எஸ்சி பிள்ளைங்களுக்கு மாநில அரசோட அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கு, அதையும் பாக்கச் சொல்லு.

ஒன்னு மட்டும் கொற. மூணு வருஷமும் வார்டுக்குள்ளயே இருந்துட்ட. ஸ்காலர்ஷிப் இன்டர்வியூல "உலக சுகாதாரத்துக்கு சேவை செய்ய ஆசை"ன்னு சொன்னா அடுத்த ஆளக் கூப்புடுவாங்க, அப்டி சொல்றவங்க வரிசைல ஆயிரம் பேரு. உன் கைல ஒரு கேள்வி இருக்கணும், நீ கண்ணால பாத்து தூக்கம் கெட்ட கேள்வி. அதுக்கு ஒரு வருஷமாவது வெளிய வா. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்ததுல இருந்து பிபி, சுகருக்கு மாத்திரை வீட்டுக்கே போகுது, அந்த வேலையோட மலைக் கிராமம் ஏறிப் பாரு, இல்ல நம்ம மாவட்டத்துல ஆதிவாசி மக்களோட வேலை பாக்குற என்ஜிஓ எதுலயாவது சேரு. சம்பளம் இப்ப வாங்கறதவிட கொறையலாம். கொறஞ்சாலும் அது முப்பது லட்சம் நஷ்டம் இல்லியே.

செவனிங் வழக்கமா ஆகஸ்ட்ல தெறந்து அக்டோபர்ல மூடிரும், இந்த வருஷம் அவசரப்பட்டு போடாத, அடுத்த வருஷத்துக்கு ரெடியாகு. அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. உன் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்ட அனுமதி கேட்டு, பேஷன்ட் பேரு எதையும் எடுக்காம, உன் வார்டு அட்மிஷன் ரெஜிஸ்டர்ல ஊர்ப் பேர மட்டும் ஒரு வருஷத்துக்கு எண்ணு. எந்த ஹட்டில (படுகர் ஊர்) இருந்து எத்தன, எந்த எஸ்டேட்ல இருந்து எத்தன, எந்த ஆதிவாசி கிராமத்துல இருந்து எத்தன. அப்பறம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நின்னு போர்ட பாரு, ரெஜிஸ்டர்ல ஒரு தடவ கூட வராத ஊர் எதுன்னு குறிச்சுக்க. ஒரு லீவு நாள் பாத்து அந்த ஊருக்கு பஸ் ஏறிப் போயிட்டு வா, ஏன் வரலன்னு கேட்டுட்டு வா. வந்து எனக்கு எழுது, அப்ளிகேஷன் கட்டுரைய அந்த ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.